மோசமானதை முதலில் சொல்லும் ராத்தா

“இது மௌத்து” என்றார் ராத்தா. “செத்திட்டெண்டே நெனச்சிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பொறகு கோல் எடுங்க. உசிர் வந்தா லாபம்.”

நானும் மச்சாளும் கண்டக்குழியில் இருந்து அந்தக் கொம்பியூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் நுரைச்சோலைக்குப் போயிருந்தோம். பெட்டி என் மடியில், மொனிட்டர் மச்சாளின் மடியில். பின்பக்கம் பெரிய வயிறு வைத்த அந்தக் காலத்து மொனிட்டர் அது. இறங்கும்போது எனக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அந்தக் களைப்பு ஆறுவதற்குள் இப்படி ஒரு வரவேற்பு. மச்சாளுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு ஏனோ அந்தக் குரலைப் பிடித்துப்போனது.

குரல் என்று சொல்கிறேன். ராத்தாவின் முகம் எனக்குத் தெரியாது. பதினேழு வயதில் என் பார்வை போனது. ராத்தாவைச் சந்தித்தபோது எனக்கு இருபத்திரண்டு. ஆகவே அவர் கறுப்பா வெள்ளையா, ஒல்லியா பருமனா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மச்சாளைக் கேட்டால் “சாதாரணமாத்தான் இருப்பா” என்பாள். மச்சாள் என் அண்ணனின் மனைவி. அவளுக்கு உலகத்தில் எல்லோருமே சாதாரணமாகத்தான் இருப்பார்கள்.

நான் அறிந்த ராத்தா வேறு. கழற்றிய திருகாணிகளை ஒன்றொன்றாகப் பீரிசுத் தட்டில் போடும் சத்தம். குனிந்து வேலை செய்யும்போது மூக்கால் வரும் நீளமான மூச்சு. அழிறப்பர் வாசனை. கடற்கரை ஊரில் உப்புக்காற்றுப் பட்டு பெட்டிக்குள் இருக்கும் மெமரித் தகட்டின் பற்கள் பச்சை பிடித்துவிடும். ராத்தா அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் துடைப்பார். அவருடைய சாப்பாட்டு மேசைதான் வேலை மேசை. அங்கே போய் உட்கார்ந்தால் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

பெயரும் தெரியாது. எல்லோரும் ராத்தா என்றார்கள், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பது போல. நானும் அப்படியே அழைத்தேன், போனிலும் அப்படியே பதிந்து வைத்தேன். கனமூலையில் பிறந்தவர், நுரைச்சோலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர். கட்டிய மாப்பிள்ளை தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறார். இவ்வளவுதான் அவருடைய வரலாறாக எனக்குத் தெரிந்தது. ஒரு மனுஷியை விளங்கிக்கொள்ள இது காணாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ராத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. நடக்கக்கூடியதில் ஆகக் கெட்டது எதுவோ, அதை முதலில் சொல்லிவிடுவார். முழுதாக, மென்று விழுங்காமல் சொல்வார். அதற்குப் பிறகுதான் திருகாணியில் கை வைப்பார்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது ஒரு பள்ளிக்கூட அதிபர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அதில் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிப் படங்கள் முழுவதும் இருந்தனவாம். தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது.

“போயிருக்கும் சேர்” என்றார் ராத்தா.

“நீங்க இன்னும் திறந்தே பாக்கல்லயே.”

“ஓம். பாக்கல்ல. சீனி போட்ட தேத்தண்ணியா?”

“ஓம்.”

“அப்ப கட்டாயம் போயிருக்கும்.”

அதிபருக்குக் கோபம் வந்து, புத்தளத்தில் வேறு ஆட்கள் இல்லையா என்று எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமை திரும்பி வந்தார். புத்தளத்தில் இருந்தவர் “ஒன்றும் பிரச்சினையில்லை சேர்” என்று நாலு நாள் வைத்திருந்து, ஐந்தாம் நாள் கையை விரித்துவிட்டாராம். ராத்தா அரைவாசிப் படங்களை மீட்டுக் கொடுத்தார். அதிபர் அந்த அரைவாசியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். முதலில் எல்லாம் வரும் என்று சொல்லியிருந்தால், அதே அரைவாசிக்காக அவர் சண்டை பிடித்திருப்பார் என்று ராத்தா சொன்னார்.

தன் கலியாணத்திலும் இதையே செய்தாராம். பெண் பார்க்க வந்தவர்களிடம், பழச்சாறு கொடுக்கும்போதே, தனக்குக் கறி ஆணம் காய்ச்சத் தெரியாது, தான் சத்தமாகக் கதைப்பவள், ஒரு காது கேட்பது குறைவு என்று சொல்லிவிட்டாராம். அவருடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

“அப்ப மாப்பிள என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“‘இவ்வளவுதானா’ண்டு கேட்டார். அவருக்கு இன்னும் பெரிசா எதையோ எதிர்பாத்து பயம் போல.”

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு உயர்தரப் பரீட்சை மூன்றாவது தடவை. பல்கலைக்கழகம் போக வேண்டுமென்றால் மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தடவை கண் போன துக்கத்தில் எழுதினேன். இரண்டாவது தடவை, அம்மா வாசிக்க நான் கேட்டுப் படித்தேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பகல் முழுக்கக் கடற்கரை வாடியில் மீன் உலர்த்திவிட்டு வந்து, அரசியல் விஞ்ஞானத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ‘இறைமை’ என்ற சொல் வரும்போதெல்லாம் மூச்சு வாங்கி நிறுத்துவார். நான் பொறுமையில்லாதவள். “அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க” என்று கத்துவேன். அம்மா அடுத்த வரியை எழுத்துக் கூட்டத் தொடங்குவார். அந்த முறையும் தவறியது.

மூன்றாவது தடவைக்கு மச்சாள் ஒரு வழி செய்தாள். அவள் கல்பிட்டியில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை செய்தாள். கலியாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அடித்து முடிந்த பிறகு, என்னுடைய நோட்ஸைப் பக்கம் பக்கமாகக் கொம்பியூட்டரில் அடித்தாள். இரண்டு வருஷம் அடித்தாள். நாற்பதுக்கு மேல் கோப்புகள். கொம்பியூட்டர் வாசிக்கும், நான் கேட்பேன் என்பது திட்டம். எங்கள் மாதா கோயில் அலுவலகத்தில் புதியது வாங்கியபோது கழித்த பழையதை எங்களுக்குத் தந்தார்கள். அதில் இருந்த பழைய விண்டோஸுக்குத் தமிழ் வாசிக்கும் எந்த மென்பொருளும் ஏறவில்லை. புதியதாக ஏதாவது போட்டால்தான் சரிவரும், அதை இந்தப் பெட்டி தாங்குமா என்பதுதான் கேள்வி. பரீட்சைக்கு இருந்தது ஏழு கிழமை, இரண்டு மாதம்கூட இல்லை.

முதல் நாள் ராத்தா என்னிடம் நேராகக் கேட்டார்.

“முழுசாவே தெரியாதா? வெளிச்சமாச்சும் தெரியுமா?”

பக்கத்தில் மச்சாள் நெளிவது கதிரைச் சத்தத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டில் இப்படி யாரும் கேட்பதில்லை. என்னைப் பற்றி மச்சாளிடம் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

“வெளிச்சம் தெரியும். ஜன்னல் எங்க இருக்கெண்டு சொல்லுவன்.”

“அப்ப இந்தப் பெரிய மொனிட்டர் உங்களுக்குத் தேவல்ல. திரும்பிப் போகக்குள்ள மடியில பாரம் கொறவு.”

கண் போனதைப் பற்றிக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது அன்றுதான்.

பிறகு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொல்லாத ஒன்று காணாமல் போனால் தன்னிடம் வரக்கூடாது என்றார். நான் சொன்னேன். தமிழ், அரசியல் விஞ்ஞானம், கிறிஸ்தவம், அண்ணனின் கலியாணப் படங்கள், கொஞ்சம் பாட்டு. ராத்தா எழுதிக்கொண்டார். “இதுல எது போனா அழுவீங்க?” என்று கேட்டார்.

“நோட்ஸ்.”

“கலியாணப் படம்?”

“அது அண்ணன் அழுவார்” என்றேன். மச்சாள் என் தோளில் தட்டினாள்.

ராத்தா வெள்ளிக்கிழமை வரை என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். புதிய இயங்குதளங்கள் பலதும் இந்த வயதுப் பெட்டிகளைக் கைவிட்டுவிட்டனவாம். இன்னும் கைவிடாத, இலவசமாகக் கிடைக்கும் ஒரு சின்ன லினக்ஸைத் தேடிப் பிடித்திருக்கிறார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் பெட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை, சீடீதான் வேண்டும் என்று அடம் பிடித்தது. சீடீயில் எழுதிக் கொடுத்தால், சீடீத் தட்டு வெளியே வரவில்லை. தலையில் இருந்து ஹிஜாப் ஊசியைக் கழற்றி, தட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டைக்குள் குத்தித் திறந்தாராம். பெட்டிக்குள் இருக்கும் வட்டப் பற்றரியும் செத்துப்போய், கரண்ட் போய்வரும் ஒவ்வொரு முறையும் அதன் திகதி பல வருஷம் பின்னுக்குப் போய் நின்றது. “இது இன்னும் உங்க அண்ணன் ஸ்கூல் போற காலத்துலதான் ஈக்கி” என்றார். ‘இருக்கு’ என்பது அவர் வாயில் ‘ஈக்கி’. பழைய பெட்டிகளில் இருந்து கழற்றி வைத்த மெமரித் தகடுகளில் பொருந்தியது ஒன்றைப் போட்டு, மூன்று தரம் பாதியில் நின்று, நாலாம் தரம் ஏறியிருக்கிறது. பழைய விண்டோஸில் இருந்த கோப்புகளையும் எழுத்துருக்களையும் அப்படியே எடுத்துப் போட்டாராம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் போன் எடுத்தபோது ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“பேசுது.”

அடுத்த நாளே போனோம். ராத்தா விசைப்பலகையில் ஏதோ அடித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் இருந்து, சளித் தடிமன் பிடித்த ஆம்பிளை ஒருவனின் குரல், “நுரைச்சோலையில் இன்று நல்ல வெயில்” என்றது. சொற்களை இழுத்து, தப்பான இடத்தில் அழுத்தி, எந்த ஊர்த் தமிழ் என்றே தெரியாத தமிழ். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்னொன்று அடியுங்கள், இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ராத்தா அன்றைய சமையல் முழுவதையும் அதன் வாயால் சொல்ல வைத்தார்.

பிறகு மச்சாள் அரசியல் விஞ்ஞானம் முதல் கோப்பைத் திறந்தாள்.

அந்த ஆம்பிளைக் குரல் கடகடவென்று என்னவோ சொன்னது. தமிழ் இல்லை. ஆங்கிலமும் இல்லை. “செமிகோலன்” என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

“இதென்ன?” என்றேன்.

“வடிவாத்தானே இருக்கு” என்றாள் மச்சாள். “அரசாங்கத்தின் வகைகள் எண்டு மேல போட்டிருக்கு. நான் அடிச்ச மாதிரியே இருக்கு.”

“அப்ப ஏன் இப்படிச் சொல்லுது?”

“எப்படி? எனக்கு இங்க சரியாத் தெரியுதே.”

இரண்டு பேரும் மொனிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு மட்டும்தான் அது குப்பை. காது கேட்கும் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தும், அவர்களுக்குத் திரையில் தெரிவதுதான் உண்மை, ஸ்பீக்கரில் வருவது ஏதோ கோளாறு. ஒரு கட்டத்தில் மச்சாள், “நீ கொஞ்சம் அமைதியாக் கேட்டுப் பாரன்” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பீக்கரைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ராத்தா குரலை மாற்றிப் பார்த்தார். வாசிக்கும் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார். புதிதாக ஒரு வரி அடித்தால் அழகாக வாசித்தது. மச்சாளின் கோப்பைத் திறந்தால் மறுபடி செமிகோலன். பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஒரு கிழமை கழித்துப் போனோம், அப்படியே இருந்தது. இன்னொரு கிழமை போனது. அம்மா மறுபடி நோட்ஸைக் கையில் எடுத்து, மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். பரீட்சைக்கு நாலு கிழமை.

நாலாம் முறை போனபோது பீரிசில் திருகாணி விழும் சத்தம் இல்லை. ராத்தா மேசைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“வாங்க புள்ள” என்றார். பிறகு, “ஒண்டும் ஆகாது. பாப்பம்” என்றார்.

அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வயதில் கரும்பலகை மங்கத் தொடங்கியபோது அம்மா சொன்னது அதுதான். ஒண்டும் ஆகாது மகள், கரட் சாப்பிடு. தலவிலைக் கோயிலுக்கு நேர்ச்சை வைத்துவிட்டு வந்து சொன்னதும் அதுதான். கொழும்பில் கண் டொக்டர் அண்ணனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். வெளியே வந்த அண்ணன் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, ஒண்டும் ஆகாது என்றார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது. ஒரு காலையில் ஜன்னல் மட்டும் மிஞ்சியது. தெரிந்திருந்தால், அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து வைத்திருப்பேன். அந்தக் கோபம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

“ராத்தா, நீங்க அப்படிச் சொல்லாதீங்க” என்றேன். “எல்லாரும் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க.”

மச்சாள் என் கையைப் பிடித்தாள். நான் அழுதுகொண்டே உதறினேன்.

“சரிதான்” என்றார் ராத்தா. “எங்கட வாப்பா லொறி பிரண்டு மௌத்தானப்ப, உம்மாவுக்குப் போன்ல சொன்னது லேசான காயமெண்டு. உம்மா கஞ்சி காய்ச்சி, சூடு ஆறாம பிளாஸ்க்ல ஊத்தி, பஸ்ஸில மூணு மணித்தியாலம் வெச்சிக்கிட்டுப் போனா. நானும் பக்கத்துல. அண்டையில இருந்து நான் ஆருக்கும் லேசான காயமெண்டு சொல்றதில்ல. உங்களுக்குச் சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோங்க.”

பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“கேளுங்க. நோட்ஸ் எல்லாம் ஈக்கி. ஆனா பாக்குற ஆக்களுக்கு மட்டுந்தான் ஈக்கி, உங்களுக்கு இல்ல. ஏனெண்டு எனக்கு விளங்கல்ல. நாலு கிழமையில திருப்பி அடிக்க உங்க மச்சாளுக்கு ஏலா. மூணாந் தடவையும் ஃபெயிலானா, கெம்பஸ் கைவிட்டுப் போனதுதான். இதுதான் ஆக மோசம். இதுக்குக் கீழ ஒண்டும் இல்ல.”

உங்களுக்கு விளங்குமோ தெரியாது, அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. காலுக்குக் கீழே தரை தட்டுப்பட்டது. அழுகை நின்றது. மூக்கைச் சிந்திவிட்டு, “சரி, இனி என்ன செய்யலாம்?” என்று கேட்டேன்.

ராத்தா எழும்பினார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

“ஏன் மொனிட்டரை நிப்பாட்டினீங்க?” என்றாள் மச்சாள்.

“ரெண்டு கிழமையா நாம ரெண்டு பேரும் இதப் பாத்துக்கிட்டே ஈந்து ஒண்டும் கண்டுபுடிக்கல்ல. இனி இவ கேக்குறத நாமளும் கேப்பம்.”

தலைப்புக்குக் கீழ் வரிக்கு வந்து, அம்புக்குறி விசையை ஒவ்வொரு தரமாக அழுத்தினார். ஒரு அழுத்தலுக்கு ஒரு எழுத்து.

“எம்” என்றது அந்தத் தடிமன் குரல். “யூ. ஆர். எச். கியூ. செமிகோலன். எஃப். கே. செமிகோலன்.”

“திரும்ப” என்றாள் மச்சாள்.

ராத்தா திரும்ப அழுத்தினார். எம். யூ. ஆர். எச். இந்த முறை எனக்கு இன்னொரு சத்தமும் கேட்டது. மேசைப் பலகையில் நகம் தட்டும் சத்தம். ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு. மச்சாளின் விரல்கள் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷம், அதற்கு முதல் ஆறு வருஷம், அந்த விரல்கள் செய்த ஒரே வேலை அதுதானே.

“அரசாங்கம்” என்றாள் மச்சாள்.

“என்ன?”

“அது அரசாங்கம். பாமினியில அரசாங்கம் அடிக்கிறதுக்கு இந்தக் கட்டையளைத்தான் தட்டுறது. எம் தட்டினா அ. யூ தட்டினா ர. இது நான் தட்டினதைத்தான் சொல்லுது.”

ராத்தா மேசையில் உள்ளங்கையால் ஒரு அடி அடித்தார். பீரிசு துள்ளியது.

விஷயம் இவ்வளவுதான். மச்சாளின் கடையில் இருந்தது பழைய பாமினி எழுத்துரு. அந்த முறையில் உள்ளே பதிவாவது வெறும் ஆங்கில எழுத்துகள். அதற்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் எழுத்துரு செய்யும் வேலை. கண் இருப்பவர்கள் போர்வையைப் பார்த்தார்கள். பெட்டி எனக்குப் போர்வையின் உள்ளே இருந்ததை வாசித்தது. பெட்டியிலும் பிழையில்லை, மச்சாளிலும் பிழையில்லை. ராத்தா வேலை செய்தது எல்லாம் பெட்டிகளோடு, அதுவரை தமிழ் அடித்ததெல்லாம் போனில். போனில் உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே பதிவாவதால் அந்தப் பிரச்சினை வருவதேயில்லை. மச்சாளுக்கோ பாமினி தவிர வேறு தமிழே தெரியாது. இரண்டு பேரும் தத்தம் பக்கத்தில் சரியாக இருந்ததால்தான் இரண்டு கிழமை வீணாகப் போனது.

பாமினியை அந்தப் போன் முறைத் தமிழாக மாற்றும் சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. ராத்தா தன் போனில் இருந்து இணைய இணைப்புக் கொடுத்து ஒன்றை எடுத்தார். எடுப்பதற்கு முன்னால், நோட்ஸை இரண்டு சீடீயில் பிரதி எடுத்து ஒன்றை என் கையிலும் ஒன்றை மச்சாளின் கையிலும் தந்தார். “மாத்தக்குள்ள எல்லாம் அழிஞ்சி போகலாம்” என்றார். பழைய ராத்தா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்றும் அழியவில்லை. மச்சாள் இடையிடையே ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்கள் மட்டும் தமிழாக மாறி, ஏதோ மந்திரம் போல ஒலித்தன. அவற்றை நான் ஊகித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

பரீட்சையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ராத்தா சொல்வதுபோல ஆக மோசமானதில் இருந்து. கிறிஸ்தவத்துக்கு வெறும் பாஸ், சாதாரணச் சித்திதான் கிடைத்தது. பங்குத்தந்தைக்கு அது பெரிய மனவருத்தம். தமிழும் அரசியல் விஞ்ஞானமும் நன்றாகவே வந்தன. கெம்பஸ் போனேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அரசியல் விஞ்ஞானம்தான் படிப்பிக்கிறேன். பெறுபேறு வந்த அன்று ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். “ஃபெயிலா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, அழுவதை மறைக்க இருமினார். பிறகு மாப்பிள்ளையின் வேலையோடு தம்புள்ளைப் பக்கம் குடி போய்விட்டதாகக் கேள்வி. அந்த நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது பெறுபேற்று நாளை அல்ல. கோப்புகளை மாற்றிய அந்தப் பின்னேரத்தைத்தான். முதல் கோப்பு மாறி முடிந்ததும் மச்சாள் ஆவலாக அதைத் திறக்கப் போனாள். ராத்தா அவளைத் தடுத்தார்.

“வாங்க, நாம வெளிய போவம். அவ வாசிக்கட்டும்.”

“தனியாவா? ஏதும் பிழைச்சா?”

“பிழைச்சாக் கூப்பிடுவா.”

ராத்தா தானே கோப்பைத் திறந்து, என் விரலை எடுத்து அம்புக்குறி விசையில் வைத்தார். இருவரும் போனார்கள். கதவுச் சீலை அசையும் சத்தம் கேட்டது. முற்றத்தில் இருந்து அவர்கள் மீன் விலையைப் பற்றிக் கதைப்பது லேசாகக் கேட்டது. நான் விசையை அழுத்தினேன்.

“அரசாங்கத்தின் வகைகள்” என்றது அந்தக் குரல்.

அடுத்த வரி. அடுத்த வரி. ‘இறைமை’ வந்தது, மூச்சு வாங்காமல் வந்து போனது. விளங்காத இடத்தில் நிறுத்தினேன். பின்னுக்குப் போனேன். ஒரே வரியை ஐந்து தரம் கேட்டேன். யாரும் களைக்கவில்லை, யாரிடமும் நான் கத்தவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பக்கத்தை நானும் அந்தப் பக்கமும் மட்டும் இருந்து வாசித்தோம். சமஷ்டி ஆட்சியைப் பற்றி வாசித்து அழுத ஆள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாசித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி முற்றத்துக்கு வந்தேன். பேச்சு நின்றது. சரியா, வாசித்ததா, பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்ல ஆயத்தமாக நின்றேன்.

ராத்தா அதொன்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையை என் முழங்கால் வரை நகர்த்தி வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன போட்டீந்திச்சி?” என்று கேட்டார். “நான் அத வாசிக்கல்ல. சொல்லுங்க.”

கண் போன நாளில் இருந்து, எங்கே என்ன எழுதியிருக்கிறது என்று மற்றவர்கள்தான் எனக்குச் சொல்லி வந்தார்கள். நான் உட்கார்ந்து, முதல் வரியில் இருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.